மொழிபெயர்த்தவர் பெயர்

ஆவுடையப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர், ஆனால் கூப்பிட்டால் நான்தான் எழுந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் அறுபத்து நாலு வருடம் ஆ. சங்கரலிங்கமாக, ஆ என்கிற ஒற்றை எழுத்துக்குள் அப்பாவை மடித்து வைத்துக்கொண்டு சௌகரியமாக இருந்தேன். இந்த நாட்டு விண்ணப்பங்கள் அந்த எழுத்தைப் பிரித்து உதறிக் கடைசியில் குடும்பப் பெயராக உட்கார்த்திவிட்டன. ஆக இன்றைக்கு க்ளீவ்லாந்து நகரத்தின் குடியேற்ற அலுவலகத்தில், காலை பத்தே காலுக்கு, அமெரிக்கக் குடியுரிமை கேட்டு வந்திருப்பவர், சட்டப்படி பார்த்தால், 1961-ல் காலமான ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் தாமிரபரணியைத் தாண்டி மதுரை வரைக்கும் போனதே இரண்டு தடவை. இங்கே சாம்பல் நிற நாற்காலிகள், மூலையில் கொடி, வாசலில் பெல்ட்டைக் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொன்ன காவலர். எழுபது வயதில் பெல்ட் இல்லாமல் வேட்டிக்காரன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று எட்டு நடந்தேன். பக்கத்தில் மங்கை. மங்கையர்க்கரசி, என் ஒரே மகள், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், இன்றைக்கு எனக்காக லீவு போட்டிருக்கிறாள். மடியில் குடியுரிமைத் தேர்வுக்கான நூறு கேள்வி அட்டைகள். ஒன்றை எடுத்துக் காதோரம் கேட்கிறாள், "அப்பா, முதல் திருத்தத்துல இருக்கிற உரிமை ஒண்ணு சொல்லுங்க." ஒன்று போதுமா, ஐந்தும் வேண்டுமா என்கிறேன். "ஒண்ணு போதும். அஞ்சும் சொன்னா அவங்களுக்குச் சந்தேகம் வந்துரும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, லெக்சர் அடிக்காதீங்க." ஒப்பியல் அரசியல் சட்டம் என்கிற தாளை முப்பது வருடம் கல்லூரியில் நடத்தியவனுக்கு ஒரு பார்மசிஸ்ட் சொல்லும் இந்த யோசனையைவிடச் சிறந்த சட்ட ஆலோசனை எந்தத் தீர்ப்பிலும் கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில். நான் அதை ஒரு தடவை மிகவும் கச்சிதமாகக் கடைப்பிடித்திருக்கிறேன். அதுதான் சங்கடம்.

விண்ணப்பத்தை எட்டு மாதத்துக்கு முன்னால் சமையலறை மேஜையில் லாப்டாப்பை வைத்து அவள்தான் நிரப்பினாள். குக்கர் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு கேள்வியாக வாசித்துச் சிரித்துக்கொண்டே, "கம்யூனிஸ்ட் கட்சியில உறுப்பினரா, நோ. தீராக் குடிகாரரா, நோ. ஒரே நேரத்துல ரெண்டு பொண்டாட்டியா, அம்மா இருந்திருந்தா இதுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பா, நோ. எல்லாத்துக்கும் நோதான்ப்பா, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டேன், கையெழுத்துப் போடுங்க" என்றாள். போட்டேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று முப்பது வருடம் பையன்களிடம் தொண்டை கிழியக் கத்தியவன் வாசிக்காமல் போட்டேன், ஏனென்றால் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்று காலை காரில் வரும்போதுதான், ஏரிக்கரைச் சாலையில் மங்கை பாட்டைக் குறைத்துவிட்டு வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பிரதியைப் புரட்டினேன். எழுத்துப் பிழை இருக்குமோ என்று பார்க்கத்தான். வியாதி அது. எழுத்துப் பிழை இல்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, அல்லது எந்தக் காவல் அதிகாரியாலும் எந்தக் காரணத்துக்காகவேனும் தடுத்து வைக்கப்பட்டதுண்டா? அந்த எப்போதாவது மட்டும் பெரிய எழுத்தில், யாரோ மேஜையைத் தட்டிக் கேட்பது போல. பக்கத்துக் கட்டத்தில் மங்கை போட்ட நோ. அதற்கு மேலே இன்னொரு கேள்வி. அரசியல் கருத்துக்காக எவரையேனும் நேரடியாகவோ மறைமுகமாகவோ துன்புறுத்தியதுண்டா? அதற்கும் நோ. மறைமுகமாகவோ. இந்த ஒரு சொல்லை எந்தப் பாவி உள்ளே சேர்த்தான்? மசோதா எழுதும் குழுவில் கடைசி நாற்காலியில் ஒருவன் இருப்பான், எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில் ஒரு சொல்லைச் சேர்ப்பான். நான் அந்தக் குழுவில் இருந்தால் நானும் சேர்த்திருப்பேன்.

கதவு திறக்கிறது. நீல உடுப்புப் பெண் ஒருத்தி ஒரு பெயரைச் சொல்கிறாள், ஏதோ கென்யாப் பெயர், உயரமான ஒருவர் எழுந்து போகிறார், கோட்டுப் பித்தானைப் போட்டபடி. நான் இல்லை. கைது என்று அதைச் சொல்ல முடியாது. இங்கேதான் நான் ஓர் ஆசிரியன், யோசிக்க வேண்டும். 1976 மார்ச், நெருக்கடி நிலை, சென்னையில் ஆட்சியைக் கலைத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் கல்லூரிக்கு வந்து, "சார்வாள், ஐயா ஒரு நிமிஷம் பார்க்கணும்னு சொன்னாரு" என்றார். ஒரு நிமிஷம். வாரன்ட் இல்லை, கைவிலங்கு இல்லை. நான் என் சைக்கிளிலேயே போனேன், அவர் தன் சைக்கிளில் பக்கத்தில் வந்தார், வழியில் வெயிலைப் பற்றிப் பேசினோம். ஸ்டேஷன் வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. நாற்பத்து இரண்டு வருடமாக இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறேன், எதற்காகக் கழற்றினேன்? கோயிலா அது? உள்ளே ஒரு பெஞ்சு. டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். செருப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, வெயிலில் சுட்டுப்போய். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: விவரமுள்ள ஒரு மனிதன் அந்த இடத்தில் இருந்தால், எழுந்து போக எனக்குச் சுதந்திரம் உண்டு என்று நினைப்பானா? நினைத்தால் அது வெறும் உரையாடல், நினைக்காவிட்டால் தடுப்பு. அழகான அளவுகோல். நான் எழுந்து போயிருக்கலாமா? கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டவன் எப்படிப் போவான்? இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்ல உதாரணம்.

"அப்பா, தண்ணி வேணுமா? முகம் ஒரு மாதிரி இருக்கு." வேண்டாம் என்கிறேன். ஒரு மாதிரித்தான் இருக்கும். தேவசகாயம் இருந்தால், "உம்ம மூஞ்சி எப்பவுமே அச்சுப்பிழை திருத்தின மாதிரித்தான் வே இருக்கு" என்பார். தேவசகாயம் எங்கள் கல்லூரி நூலகர். மங்கைக்குத் தேவா மாமா. மங்கைக்குச் சைக்கிள் பழக்கிக் கொடுத்தவர், கேரியரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, மூச்சு வாங்கி, கேரியரை எப்போதோ விட்டுவிட்டதைச் சொல்லாமல் கூடவே ஓடியவர். சிறையிலிருந்து வந்த நுரையீரலோடு ஓடினார். மங்கைக்கு அது தெரியாது, தேவா மாமாவுக்கு ஆஸ்துமா என்று மட்டும் தெரியும். அவள் கல்லூரிக்குப் போகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் அவளுடைய சமையலறை அலமாரியில், மஞ்சள் பொடி டப்பாக்களுக்கு மேலே, அவர் கொடுத்த ஆங்கில அகராதி இருக்கிறது, முதல் பக்கத்தில் அவருடைய குண்டு குண்டான எழுத்து. மங்கைக்கு, தெரியாத சொல் வந்தால் வெட்கப்படாமல் பார்க்கவும். எழுத்து. எல்லாம் அந்த எழுத்தால் வந்த வினை. திருத்தம்: எழுத்தால் வரவில்லை. என் குறும்பால் வந்தது.

அந்த வருடம் பத்திரிகைகளில் தணிக்கை வெட்டிய இடத்தை வெற்றாக விட்டு அச்சடிக்கவும் பயந்தார்கள். நானும் தேவசகாயமும் நூலகத்தின் பின்னறையில், தினம் மத்தியானம் சோற்று வாளியைத் திறந்துகொண்டு, ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசுவோம். எனக்கு ஒரு யோசனை வந்தது. மகா யோசனை என்று நினைத்தேன். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்களைத் தமிழில் பெயர்ப்பது. நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், ஒரு விமர்சனமும் செய்யாமல், வெறுமனே மொழிபெயர்த்து, சைக்ளோஸ்டைல் எடுத்து விடுவது. பேச்சுரிமையை, அச்சுரிமையை, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை, குறை தீர்க்குமாறு அரசிடம் முறையிடும் உரிமையைக் குறுக்கி எந்தச் சட்டமும் இயற்றலாகாது. பதினாறு நாள் உட்கார்ந்து பெயர்த்தேன். தேவசகாயம் மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் எழுதினார். சமாதான காலத்தில் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் எந்தப் படைவீரனையும் எந்த வீட்டிலும் தங்கவைக்கக் கூடாது என்கிற மூன்றாவது திருத்தம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, "மச்சினனைத் தங்க வைக்கலாமா வே? அதுக்கு ஒரு திருத்தம் இருக்கா பாரும்" என்றார். அப்போது அவர் வீட்டில் அவர் மனைவி ரூபாவதியின் தம்பி நாலு மாதமாக இருந்தான். சிரித்தோம். அப்புறம் அவர் சொன்னார், இது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது, "தலைப்புல அமெரிக்கான்னு ஒரு வார்த்தை போட்டுருவோம் வே. பாடக்குறிப்புன்னு சொல்லித் தப்பிச்சுக்கிடலாம்." வேண்டாம் என்றேன். யாருடைய சட்டம் என்று தெரியாமல் இருப்பதில்தான் அழகு என்றேன். வாசிக்கிறவன் நம்முடையதோ என்று ஒரு நிமிடம் மயங்க வேண்டும், அப்புறம் இல்லையே என்று விழிக்க வேண்டும் என்றேன். படித்தவன் சூது. அந்த ஒற்றை வார்த்தை இருந்திருந்தால் அது தேர்வுக்கான குறிப்பு. இல்லாததால் துண்டுப் பிரசுரம். இருநூறு பிரதி எடுத்தோம். தலைப்பு, முதல் பத்துத் திருத்தங்கள். எந்த நாடு என்று இல்லை. எழுதியவர் பெயர் இல்லை. மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை.

ஸ்டேஷனில் அந்த இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அடித்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். நிர்ப்பந்தத்தின் பேரில் பெறப்பட்ட வாக்குமூலம் என்று எட்டுப் பக்கம் எழுதியிருப்பேன். பிரசுரத்தை மேஜையில் விரித்து, மூன்றாவது திருத்தத்தின் மேல் விரலை வைத்து, "இதுதான் சார்வாள் புரியமாட்டேங்குது. எந்தப் படை, யார் வீட்டுல தங்கப்போவுது?" என்றார். நான் தெரியவில்லை என்று தலையசைத்தேன். டீயைக் குடிக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தார். அப்புறம் திரும்பி, "இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான் கேள்வி. யார் எழுதியது என்றுகூட இல்லை, கையெழுத்து யாருடையது. எனக்கு இருபத்தெட்டு வயது. பிற்பாடு மங்கையின் அம்மாவான கோமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் 1966-ம் வருட அமெரிக்கத் தீர்ப்பை, நீ பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, நீ சொல்லும் எதுவும் உனக்கு எதிராகப் பயன்படும், என்பதை நாடகம் மாதிரி வாசித்துக் காட்டியிருந்தேன், பையன்கள் கை தட்டினார்கள். எனக்கு எதிராக. அங்கேதான் ஓட்டை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் உரிமை. ஐந்தாவது திருத்தமும் அதைத்தான் சொல்கிறது, நம் சட்டத்தின் இருபதாவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகக் கூடாது. சிநேகிதனுக்கு எதிராக? எந்த நாட்டுச் சட்டத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. நான் தேடியிருக்கிறேன். அதே வருடக் கடைசியில் நம் நாடாளுமன்றம் குடிமக்களுக்குப் பத்து அடிப்படைக் கடமைகளை எழுதிச் சேர்த்தது, கொடியை மதி, காட்டைக் காப்பாற்று, அறிவியல் மனப்பான்மையை வளர். பத்தையும் ஆவலோடு படித்தேன். சிநேகிதனைப் பற்றி ஒன்றும் இல்லை. "தேவசகாயத்தோடது" என்றேன். "லைப்ரரியன்." பதவியையும் சேர்த்துச் சொன்னேன், தவறான தேவசகாயத்தைப் பிடித்துவிடக் கூடாதே, துல்லியம். மொழிபெயர்த்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை. நீ பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை என்னளவு முழுமையாக அனுபவித்தவன் அமெரிக்காவிலேயே இருக்கமாட்டான்.

"ஆ-வு-டே..." என்று ஆரம்பித்து நிற்கிறது குரல். மங்கை என் முழங்கையைத் தட்டுகிறாள். இல்லை, அவள் கூப்பிட்டது வேறு ஏதோ, ஒரு குழந்தையோடு இருக்கும் பெண் எழுந்து போகிறாள். எல்லாப் பெயரும் என் அப்பா பெயர் மாதிரி கேட்கிறது. ஸ்டேஷனிலும் முதல் கேள்வி அதுதான், தகப்பனார் பெயர் என்ன. சொன்னேன், அதையும். அப்புறம் பதினோரு மாதம். தேவசகாயத்தை அன்று மாலையே கொண்டுபோனார்கள். விசாரணை இல்லாத காவல், மிசா. ரூபாவதி என்னிடம் வந்தார், "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் மனு நல்லா எழுத வரும்" என்று. நாலு மனு எழுதினேன். கலெக்டருக்கு, சென்னைக்கு, மறுபடி சென்னைக்கு, டெல்லிக்கு. உன்னதமான மனுக்கள். குறை தீர்க்குமாறு அரசிடம் முறையிடும் உரிமை, முதல் திருத்தத்தின் கடைசி வரி. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் போகும்போது, "உங்களுக்குத்தான் சிரமம்" என்பார். ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம், நெருக்கடி காலத்தில் சிறையில் கிடப்பவன் ஏன் என்று கேட்டு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று நாலுக்கு ஒன்று தீர்ப்புச் சொன்னது. நாலு பேர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே. வகுப்பில் பேசினேன், மெதுவான குரலில், ஜன்னலைச் சாத்திவிட்டு. அந்தக் கோபம் பொய் இல்லை. அதுதான் பயங்கரம், அது பொய்யே இல்லை. 1984-ல் அமெரிக்காவில் இன்னொரு தீர்ப்பு. சட்டவிரோதமாகக் கிடைத்த சாட்சியம் ஆனாலும், எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள் என்றால் செல்லும். அந்தத் தீர்ப்பு நூலகத்துக்கு வந்த அன்று, வந்த பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தவரே தேவசகாயம்தான், மூன்று தடவை படித்தேன். அந்தக் குண்டு எழுத்து ஊருக்கே தெரியும். கல்லூரி அறிவிப்புப் பலகை முழுக்க அவர் எழுத்துதான். நான் சொல்லாவிட்டால் பியூன் சொல்லியிருப்பான். எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள். எப்படியும். ஆனால் அந்த எப்படியும் என்கிற சொல்லை வகுப்பில் சொல்லும்போது மட்டும் எனக்கு இருமல் வந்துவிடும்.

அவருக்குத் தெரியுமா? இதுதான் சுழன்று சுழன்று வந்து நிற்கும் இடம். விடுதலையாகி வந்த பத்தாம் நாள் நூலகப் பின்னறையில் உட்கார்ந்திருந்தோம். பாதி உடம்பாகியிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "உள்ள ஒரு நாள் கேட்டான் வே, இந்தத் தமிழை எழுதினது யாருன்னு. கொஞ்சம் அழுத்தமாத்தான் கேட்டான். நான்தான்னுட்டேன். ஒரு ஆபீசர், பெரிய ஆள், நல்ல தமிழ்யா இது, என்ன படிச்சிருக்கேன்னு பாராட்டினான். உம்ம பாராட்டை நானே வாங்கி வச்சுக்கிட்டேன், கோவிச்சுக்கிடாதீரும்" என்றார். சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்சம் அழுத்தமாத்தான் கேட்டான். தடவிக் கொடுத்தபோது சட்டைக்கு அடியில் விரலுக்கு ஏதோ மேடு தட்டியது, தழும்போ எலும்போ. கையை எடுத்துவிட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் தினமும் ஒரே அறையில் சோறு தின்றோம், ஐயாயிரம் தடவை சொல்லியிருக்கலாம். அவர் ஒரு தடவைகூட, யார் என் பெயரைச் சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லோரிடமும் கேட்டார், பியூனிடம்கூடக் கேட்டாராம். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

இப்போது கூப்பிடுவது நிஜமாகவே என்னைத்தான். "மிஸ்டர் ஆவ்டாயப்பன்?" மங்கை என் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள். "பயப்படாதீங்க. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. சிட்டிசன் ஆயிட்டா அப்புறம் உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா." அவளுக்குப் பயம். செய்திகளைப் பார்த்துப் பயம். போன குளிர்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் என்னைத் தனி அறையில் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்தார்கள், எழுபது வயதுக்காரர் ஏன் ஐந்து மாதம் வெளியே இருந்தார் என்று. அவள் வெளியே அழுதுகொண்டு நின்றாளாம். அந்த அறையிலும் செருப்பைக் கழற்றப் போய்க் குனிந்தேன், ஷூ. அவளுக்காக நான் நோ சொல்லிவிட்டு வர வேண்டும். அதிகாரிக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது. பாளையங்கோட்டையில் எந்தப் பதிவேட்டிலும் என் இரண்டரை மணி நேரம் இல்லை. ஒரு டீ டம்ளர் தவிர அங்கே நான் எதையும் தொடவில்லை. இன்றைக்கு இந்த உலகத்தில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான், என்னைக் கேட்கத்தான் ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆபீசர் மோரேனோ என்று மார்புப் பட்டையில். நாற்பது வயதிருக்கும், மேஜையில் ஒரு கள்ளிச்செடி. வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையே சொல்வேன் என்று உறுதி வாங்குகிறாள். கேள்விகள் ஆறு, ஆறுக்கும் சரி. முதல் திருத்தத்தில் ஒரு உரிமை என்று நிஜமாகவே கேட்கிறாள். முறையிடும் உரிமை என்கிறேன். புருவத்தை உயர்த்துகிறாள், "எல்லாரும் பேச்சுரிமைன்னுதான் சொல்வாங்க. இதை யாரும் சொன்னதில்லை." லெக்சர் தொண்டை வரை வருகிறது, மங்கை ஞாபகம் வந்து விழுங்குகிறேன். பிறகு விண்ணப்பத்தை, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கட்டமாக டிக் செய்துகொண்டே, சந்தைக்குப் பட்டியல் வாசிப்பது போல வேகமாக. கம்யூனிஸ்ட். நோ. குடி. நோ. நேரடியாகவோ மறைமுகமாகவோ. இங்கே என் வாய் நோ என்று சொல்லிவிட்டது, ஓட்டத்தில், பேனா டிக் அடித்துவிட்டது, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. எப்போதாவது. தடுத்து வைக்கப்பட்டதுண்டா. பேனா கட்டத்தின் மேல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது, என் நோவுக்காகக்கூடக் காத்திராமல். ஒரு லைப்ரரியன் சோற்றைப் பிசைகிறார். கள்ளிச்செடியில் ஒரு சின்ன மொட்டு. கதவு திறந்துதான் இருக்கிறது. "சார், நீங்க பதில் சொல்லணும்," என்கிறாள் மோரேனோ.

"யெஸ்" என்கிறேன். பேனா நிற்கிறது. எப்போது? 1976 மார்ச். எங்கே, எவ்வளவு நேரம்? இரண்டரை மணி நேரம். குற்றச்சாட்டு? ஒன்றும் இல்லை. முடிவு என்ன? நான் ஒரு பெயர் சொன்னேன் என்கிறேன். "அது முடிவு இல்லை சார். விட்டுட்டாங்களா?" ஆமாம், அதனால்தான் விட்டார்கள். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள், காகிதத்தைப் பார்ப்பது போல இல்லாமல். "அப்படியானால் இதற்கு முந்தின கேள்விக்கும் பதிலை யோசிக்க வேண்டியிருக்கும்," என்கிறேன் நானே, கேட்காமலே. அவள் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடுகிறாள். இன்றைக்குத் தீர்மானம் சொல்ல முடியாது, மேலதிகாரி பார்க்க வேண்டும், என்ன ஆகும் என்று அவளால் சொல்ல முடியாது, முப்பது நாளுக்குள் நடந்ததை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று ஒரு கடிதத்தை அச்செடுத்துக் கொடுக்கிறாள். உங்கள் மொழியிலும் எழுதலாம், ஆனால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, சரியாகப் பெயர்த்திருக்கிறேன் என்று அடியில் தன் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "உங்க இங்கிலீஷ் என்னோடதைவிட நல்லாருக்கு, உங்களுக்கு அது தேவைப்படாது," என்று சிரிக்கிறாள். தேவைப்படும் என்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நாலு மனுக்களைப் போல ஐந்தாவது உன்னதமான மனு ஒன்று வந்துவிடும், ஒரு பெயர் வெளிப்படுத்தப்பட நேர்ந்தது என்று எழுதுவேன், எவன் வெளிப்படுத்தினான் என்று மேலதிகாரிதான் தேட வேண்டியிருக்கும்.

மங்கை எழுந்து ஓடிவருகிறாள். "பாஸா?" ஆறுக்கு ஆறு என்கிறேன். "அப்புறம் ஏன் முகம்..." கையிலிருந்த கடிதத்தை வாங்கி வாசிக்கிறாள், நிறம் மாறுகிறது. "அப்பா. என்ன சொல்லித் தொலைச்சீங்க? உங்களை யாரு கைது பண்ணினா? எப்போ? நான் நோன்னுதானே போட்டேன்." மூன்று வரிசை தள்ளி ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். உட்காரு என்கிறேன். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொள்கிறேன், கேள்வி அட்டைகளில் ஒன்றைத் திருப்பி, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தை முழங்காலில் வைத்து. முதல் வரி எனக்கு நாற்பத்து இரண்டு வருடமாகத் தயாராக இருக்கிறது, ஒரு திருத்தமும் தேவைப்படாமல். மொழிபெயர்ப்பு என்னுடையது, தேவசகாயத்தின் பெயரை நான் சொன்னேன். எழுதி அவளிடம் கொடுக்கிறேன். "இதை நீதான் இங்கிலீஷ்ல எழுதித் தரணும், மங்கை. அடியில உன் பேர் போடணும்." அவள் வாசிக்கிறாள். சின்ன வரிதான், ஆனால் அவள் தலை நிமிரவில்லை. தேவா மாமா கொடுத்த அகராதியைப் பார்க்கவேண்டிய சொல் எதுவும் அதில் இல்லை. அந்தப் பக்கம் கதவு திறந்து யாரையோ கூப்பிடுகிறார்கள், யாரோ எழுந்து போகிறார்கள். மங்கையின் கட்டைவிரல், தேவசகாயத்தின் என்ற சொல்லின் மேல் இருக்கிறது, மை இன்னும் காயவில்லை, கலைந்துவிடும். "மாமாவுக்குத் தெரியுமா?" என்கிறாள். தெரியாது என்று சொல்ல வந்தேன். அவர் கேரியரை விட்டுவிட்டதைச் சொல்லாமல் கூடவே ஓடி வந்தது ஞாபகம் வந்தது. "தெரியும்" என்றேன்.